சுருட்டை யாருக்குச் சோறு போட்டது?

சுருட்டை முடி சோறு போடும் என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. சுருட்டை முடியோடு குழந்தை பிறந்தால் பாட்டிமார்கள் இதைச் சொல்லித்தான் பெற்றவளைத் தேற்றுவார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து சிக்கெடுக்கும்போது அலறுகிற அலறலைக் கேட்டால், சோறாவது மண்ணாவது என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் தேடிப் படித்துப் பார்த்தால் சொலவடை பொய் சொல்லவில்லை. சுருட்டை முடி நிறையப் பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

பி.காம். படிக்கிற எங்களுக்கு நெகிழ்ச்சி என்றால் ஒன்றே ஒன்றுதான், தேவை நெகிழ்ச்சி. விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும் என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். முடிக்கும் அதே மாதிரி ஒரு கோடு இருக்கிறது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. ஒரு முடியை எடுத்து மெல்ல இழுத்தால் முதல் இரண்டு சதவீதம் வரை ஸ்பிரிங் போல விறைப்பாக நிற்கும். அதற்குப் பிறகு, ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது சதவீதம் வரை, பெரிதாக எதிர்க்காமல் நீண்டு கொடுக்கும். அதையும் தாண்டினால் மறுபடி விறைத்து, கடைசியில் அறுந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த "நீண்டு கொடுக்கும்" பகுதிதான் விஷயமே. நனைந்த முடியை அதுவரை இழுத்து, விட்டு, தண்ணீரிலேயே ஓய்வெடுக்க வைத்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். எந்த நூலும் கயிறும் இப்படிச் செய்யாது. ஏன் முடி மட்டும் செய்கிறது? இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகியிருக்கிறது.

கதை ஜெனீவாவில் ஆரம்பிக்கிறது. ஒராஸ் பெனடிக்ட் த சோசூர் என்றொரு விஞ்ஞானி. மலையேறும் பைத்தியம் வேறு. 1787ல் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறி நின்றவர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. 1783ல் அவர் எழுதிய ஈரப்பத நூலில் அதற்கு அவர் சொன்ன வழி, மனித முடி. முடியில் உள்ள எண்ணெய்ப்பசையைக் காரத்தில் வேகவைத்து நீக்கிவிட்டு, ஒரு முனையைக் கட்டி, மறு முனையை ஒரு முள்ளோடு இணைத்துவிட்டார். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், முள் அதைக் காட்டும். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து முற்றிலும் ஈரமான காற்றுக்குப் போனால் முடி இரண்டு, இரண்டரை சதவீதம்தான் நீளும். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நீளும். அந்த நம்பகத்தன்மை போதுமானதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் உலகம் முழுக்க வானிலை நிலையங்களில் முடி கட்டிய கருவிகள் வேலை பார்த்திருக்கின்றன. மழைக்காலத்தில் சுருட்டை முடி பொம்மென்று எழும்பி நிற்பதைப் பார்த்து நாம் அலுத்துக்கொள்கிறோமே, அதை வைத்து ஒருத்தர் அறிவியல் கருவியே செய்துவிட்டார்!

அடுத்த நூறு வருடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று தாண்டிவிடலாம். 1872 வாக்கில் பாரிசில் மார்செல் கிராத்தோ என்ற முடி அலங்காரக்காரர் சூடான இடுக்கியால் முடியில் அலை அலையாக வளைவு போடும் வித்தையைக் கொண்டுவந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் தலைக்குக் குளித்தால் அலை போய்விடும். அதனால் திரும்பத் திரும்ப அவரிடமே வரவேண்டும். (வியாபாரமாகப் பார்த்தால் இதைவிட நல்ல பொருள் கிடையாது.)

இந்த இடத்தில்தான் நம் கதையின் முதல் நாயகன் வருகிறார். கார்ல் நெஸ்லர். ஜெர்மனியில் கருங்காட்டுப் பகுதியில் டோட்னாவ் என்ற ஊரில் 1872ல் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். சின்ன வயதில், ஆட்டு ரோமம் மட்டும் எப்போதும் சுருண்டே இருக்கிறதே, மனிதர்களில் பலருக்கு ஏன் நேராக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பாராம். முடி வெட்டும் தொழில் கற்று, ஜெனீவா, பாரிஸ் எல்லாம் சுற்றி லண்டனுக்கு வந்து சேர்ந்தார். குளித்தாலும் போகாத சுருட்டை என்பதுதான் அவர் கனவு.

அதற்கு முதல் பரிசோதனைத் தலை யாருடையது தெரியுமா? மனைவி கத்தரீனாவுடையது. முடியைக் கம்பியில் சுற்றி, காரக் கரைசல் தடவி, நூறு டிகிரிக்கு மேல் சூடு செய்தார். முதல் இரண்டு தடவை முடி கருகிப்போனது, தலைத் தோலும் வெந்தது. மூன்றாவது தடவையும் அந்த அம்மாள் உட்கார்ந்தார். வரலாறு நெஸ்லரின் பெயரை நினைவு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பில் பாதி கத்தரீனாவுடையது.

1906 அக்டோபரில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் இருந்த தன் கடையில் மற்ற முடி அலங்காரக்காரர்களை அழைத்துச் செய்து காட்டினார். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள பித்தளை உருளைகள், ஒரு டஜன். தலை தாங்காதே! அதனால் மேலே சரவிளக்கு போல ஒன்றைத் தொங்கவிட்டு, எதிர் எடை கட்டி, உருளைகள் தலையைத் தொடாதபடி நிறுத்திவைத்தார். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். வந்தவர்கள் பெரிதாக மயங்கவில்லை. வாரா வாரம் வரும் வாடிக்கையாளரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவைக்கும் இயந்திரத்தை எந்தக் கடைக்காரர் வரவேற்பார்?

முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மன்காரர் என்பதால் லண்டனில் இருக்க முடியவில்லை. 1915ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூயார்க்கில் முதலிலிருந்து ஆரம்பித்துப் பெரிய ஆளாகி, 1928ல் தன் நிறுவனத்தை 15 லட்சம் டாலருக்கு மேல் விலைக்கு விற்றார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் போனது. (நிதி மேலாண்மைத் தாளில் "பிரித்து முதலீடு செய்" என்று சொல்வதற்கு இவரை உதாரணமாகப் போடலாம்.) 1951 ஜனவரியில் இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், தன் இயந்திரம் ஏன் வேலை செய்கிறது என்று நெஸ்லருக்கு அந்தக் காலத்தில் யாராலும் சொல்ல முடிந்திருக்காது. அதைச் சொன்னவர்கள் முடியைப் பற்றிக் கவலைப்பட்டவர்களே அல்ல. துணி வியாபாரிகளின் காசில் ஆராய்ச்சி செய்தவர்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதி முழுக்க கம்பளி ஆலைகள். கம்பளி என்றால் ஆட்டு முடி. வேதியியல்படி ஆட்டு முடியும் நம் முடியும் ஒரே கெரட்டின் புரதம்தான். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் அங்கே கம்பளித் தொழிலுக்கென்றே ஒரு ஆராய்ச்சிச் சங்கம் லீட்ஸ் நகரத்தில் உருவானது. லீட்ஸ் பல்கலைக்கழகமும் துணித் துறைக்கு ஆள் தேடியது. 1928ல் வந்து சேர்ந்தவர் வில்லியம் ஆஸ்ட்பரி. மண்பாண்டத் தொழிலாளியின் மகன். படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராயும் வித்தையை வில்லியம் பிராக்கிடம் கற்றவர். கம்பளியைப் போய் எக்ஸ் கதிரில் காட்டுவதா என்று முதலில் தோன்றியிருக்கும். படிகம் என்றால் உப்பு, வைரம் மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும். முடியில் என்ன ஒழுங்கு?

ஒழுங்கு இருந்தது. அதுவும் இரண்டு விதமாக இருந்தது. இழுக்காத முடியை எக்ஸ் கதிரில் வைத்தால் 5.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவதாகப் படம் காட்டியது. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.) அதே முடியை ஈரச்சூட்டில் நன்றாக இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தால் வேறு படம் வந்தது. விட்டால் பழைய படம் திரும்பியது. முதலாவதை ஆல்ஃபா கெரட்டின் என்றும் இரண்டாவதை பீட்டா கெரட்டின் என்றும் பெயரிட்டார். 1930களின் தொடக்கத்தில் வெளியான இந்தக் கட்டுரைகள் சொன்னது இதுதான்: முடிக்குள் இருக்கும் புரதச் சங்கிலி மடிந்து கிடக்கிறது. இழுத்தால் மடிப்பு பிரிகிறது. விட்டால் மறுபடி மடிகிறது. முடியின் நெகிழ்ச்சி என்பது ரப்பரின் நெகிழ்ச்சி இல்லை. நடை மேடையில் விரித்து மடக்கும் துணிக்கட்டில் மாதிரி.

மடிப்பு எப்படிப்பட்டது என்பதில் ஆஸ்ட்பரி சொன்ன விவரம் சரியாக வரவில்லை. அதை 1951ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் சரிசெய்தார். அது மடிப்பு அல்ல, திருகுச்சுருள். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். அதாவது நேரான முடி என்று நாம் சொல்வதற்குள்ளும் கோடிக்கணக்கான சுருட்டைகள்! கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் அந்தக் கட்டுரையைப் படித்ததும், இது உண்மை என்றால் முடியில் 1.5 ஆங்ஸ்ட்ராமில் ஒரு புள்ளி தெரியவேண்டுமே என்று ஆய்வகத்துக்கு ஓடி ஒரு குதிரை முடியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். புள்ளி இருந்தது. ஆனால் பாலிங்கின் சுருளுக்குச் சுற்று 5.4 ஆங்ஸ்ட்ராம், ஆஸ்ட்பரியின் படத்தில் 5.1. இந்தச் சின்ன வித்தியாசத்தை விளக்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். சுருள்கள் ஒன்றையொன்று கயிறு முறுக்குவது போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன, சாய்வதால் நீளம் குறைந்து தெரிகிறது. நெஸ்லர் இறந்த அதே வருடத்தில்தான் பாலிங்கின் கட்டுரை வந்தது.

லீட்ஸில் இன்னொருவர், ஜே.பி. ஸ்பீக்மேன். இவர் வேதியியல் பக்கத்திலிருந்து வந்தார். ஈரக் கம்பளி இழையை நீட்டிப் பிடித்து நீராவியில் கொஞ்ச நேரமே காட்டிவிட்டு விட்டால், அது பழைய நீளத்தைவிடவும் சுருங்கிவிடுகிறது. ரொம்ப நேரம் காட்டினால் நீட்டிய நீளத்திலேயே நின்றுவிடுகிறது. ஏன்? புரதச் சங்கிலிகளுக்கு இடையில் கந்தகப் பாலங்கள் இருக்கின்றன. நீராவி முதலில் அவற்றை உடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் புதிய இடங்களில் புதிய பாலங்கள் உருவாகின்றன. உடைந்த நிலையில் விட்டால் சுருங்கும், புதிதாகக் கட்டிய பிறகு விட்டால் நிற்கும். நெஸ்லரின் ஆறு மணி நேரத்துக்கு அர்த்தம் இதுதான். கிராத்தோவின் இடுக்கி உடைத்தது ஹைட்ரஜன் பிணைப்புகளை. அவை தண்ணீர் பட்டாலே அவிழும். நெஸ்லர் உடைத்தது கந்தகப் பாலங்களை.

(ஒரு கிளைக்கதை. ஆஸ்ட்பரியின் ஆய்வகத்தில் ஃப்ளாரன்ஸ் பெல் என்ற பெண் 1938லேயே டி.என்.ஏ.வை எக்ஸ் கதிரில் படம் எடுத்திருந்தார். அதே ஊரில் கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்தில் மார்ட்டினும் சிஞ்சும், கம்பளியின் அமினோ அமிலங்களைப் பிரிக்கப் போய், வேதியியலுக்கே புதிய பிரித்தறியும் முறையைக் கண்டுபிடித்து 1952ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆட்டு முடி போட்ட சோறு இது!)

சூடில்லாமலே பாலத்தை உடைக்க முடியுமா? 1934ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டேவிட் காடர்டும் லியோனர் மைக்கேலிஸும் (உயிர்வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு இரண்டாவது பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும்) தயோகிளைகாலிக் அமிலம் காரநிலையில் கெரட்டினின் கந்தகப் பாலங்களை அறை வெப்பத்திலேயே உடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் அது "கோல்டு வேவ்" என்று கடைக்கு வந்தது. முடியைச் சுற்று, மருந்தைத் தடவு, பாலம் உடையட்டும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றைத் தடவு, புதிய இடத்தில் பாலம் கட்டட்டும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். அமெரிக்காவில் டோனி என்ற பெயரில் வந்த வீட்டு உபயோகப் பெட்டி எவ்வளவு விற்றது என்றால், சவர பிளேடு விற்கும் ஜில்லெட் நிறுவனம் 1948ல் அந்தக் கம்பெனியை இரண்டு கோடி டாலருக்கு வாங்கியது. 1957ல் ஆஸ்திரேலியாவில் இதே மருந்தைக் கம்பளிக் கால்சட்டையில் தெளித்து இஸ்திரி மடிப்பு கலையாமல் நிற்க வைத்தார்கள். கால்சட்டைக்கு பெர்ம்!

இதுவரை சொன்னதெல்லாம் நேரான முடிக்காரர்கள் காசு கொடுத்து முடியைச் சுருட்டிக்கொண்ட கதை. நாணயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு சிரிப்பு கிடையாது.

அதே அமெரிக்காவில், அதே வருடங்களில், பிறவியிலேயே சுருள் முடியுள்ள கறுப்பினப் பெண்கள் அதை நேராக்கச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. வேலை கிடைக்கவும், பள்ளியில் சேரவும், "ஒழுங்கான பெண்" என்று பெயரெடுக்கவும் முடி நேராக இருக்கவேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்தது. அவர்களுக்கான முடித் தைலங்களை விற்று மேடம் சி.ஜே. வாக்கர் பெரும் பணக்காரர் ஆனார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867ல் பிறந்தவர், 1919ல் இறந்தார். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் என் கணக்கில் இந்தக் கதையின் உண்மையான நாயகி, மார்ஜரி ஸ்டூவர்ட் ஜாய்னர்.

1896ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். சிகாகோவுக்கு வந்து, 1916ல் அங்கே ஒரு அழகுக்கலைப் பள்ளியில் தேறிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வெள்ளைக்காரப் பெண்களின் முடிக்கான வேலை. சொந்த மாமியாரின் முடியில் கைவைத்தபோது அது ஒன்றுக்கும் உதவவில்லை. மாமியாரே பணம் கொடுத்து வாக்கரின் வகுப்புக்கு அனுப்பினார் என்று சொல்வார்கள். (நல்ல மாமியார்!) பிறகு வாக்கர் நிறுவனத்தின் அழகுக்கலைப் பள்ளிகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை மேற்பார்க்கும் இடத்துக்கு உயர்ந்தார்.

ஒருநாள் இறைச்சி சமைக்கும்போது, உள்ளேயும் வேகவேண்டும் என்பதற்காகக் கம்பிகளைக் குத்திவைத்திருந்ததைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு கற்றையாகச் சூடு செய்வதற்குப் பதில், நிறைய கம்பிகளை ஒரே மூடியிலிருந்து மின்கம்பிகளோடு தொங்கவிட்டு, தலை முழுவதையும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன? அந்த இயந்திரத்துக்கு 1928 நவம்பர் 27ல் காப்புரிமை கிடைத்தது. நேரான முடியைச் சுருட்டவும் சுருண்ட முடியை நேராக்கவும் இரண்டுக்கும் அது உதவியது. தலைத்தோல் வேகாமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பட்டைக்கும் தனியாகக் காப்புரிமை வாங்கினார். கத்தரீனா நெஸ்லரின் தலையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெந்த தலைத்தோலைப் பற்றி யோசித்து ஒரு பொருள் செய்தவர் ஒரு பெண்தான்.

1928. நெஸ்லர் தன் கம்பெனியை 15 லட்சம் டாலருக்கு மேல் விற்ற அதே வருடம். ஜாய்னருக்கு எவ்வளவு கிடைத்தது? காப்புரிமை வாக்கர் நிறுவனத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அவர் கைக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை. வணிகச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று ஒரு பகுதி வரும். பரீட்சைக்கு நான்கு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். அந்த நான்கு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு பெண் இருக்கிறார் என்று எந்த கைடிலும் போடவில்லை. ஜாய்னர் சோர்ந்து போனவராகத் தெரியவில்லை. 1973ல், 77வது வயதில், இளங்கலைப் பட்டம் வாங்கினார். 1994ல் 98 வயதில் இறந்தார்.

பிறகு சூடு போய் மருந்து வந்தது. முடியை நேராக்கும் ரிலாக்சர்களில் பழையது காஸ்டிக் சோடா வகை. சோப்புக் காய்ச்சப் பயன்படுமே, அதே சோடியம் ஹைட்ராக்சைடு. சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் 1954ல் இந்தத் தொழிலை ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் 1971ல் அமெரிக்கன் பங்குச்சந்தையில் இடம் பிடித்தது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் அங்கே போனது அதுவே முதல் தடவை. வணிகம் படிப்பவனாக இதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வேதியியலையும் பார்க்க வேண்டும். பெர்ம் மருந்து கந்தகப் பாலத்தைத் திறந்து மறுபடி மூடுகிறது. எல்லாப் பாலமும் மூடுவதில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் முடி கொஞ்சம் வலுவிழக்கிறது. காஸ்டிக் சோடாவோ இரண்டு கந்தகம் உள்ள பாலத்தில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேறு வகைப் பாலமாக மாற்றிவிடுகிறது. அதைத் திருப்பிப் பழையபடி ஆக்க வழி கிடையாது. அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும்வரை அப்படியேதான்.

எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. பெரியம்மா மகளுக்கு நல்ல சுருட்டை. கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று, ஒரு பார்லரில் போய் நேராக்கிக்கொண்டு வந்தாள். கல்யாண ஆல்பத்தில் பளபளவென்று இருக்கிறது. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக வந்தது. வேரிலிருந்து புதிதாக வளர்ந்தது சுருட்டை, நுனி நேர். இரண்டும் சேரும் இடத்தில்தான் உடைந்துகொண்டே இருந்தது. "என்ன மருந்துக்கா போட்டாங்க?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், டப்பாவைக் காட்டவே இல்லடா" என்றாள்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒரு ஆய்வை வெளியிட்டன. 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. முடி நேராக்கும் மருந்தே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். மருந்துதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. அந்த ஆய்வில் நேராக்கும் மருந்து பயன்படுத்தியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். 1981ல் ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ரெனே ரோஜர்ஸ், நெருக்கமாகப் பின்னிய தன் சடையை வேலைக்கு வரும்போது தடை செய்வது பாகுபாடு என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டுத் தோற்றார். முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று ஒரு மாநிலம் (கலிஃபோர்னியா) சட்டம் போட 2019 ஆகிவிட்டது.

சரி, சுருட்டை ஏன் சுருட்டையாக இருக்கிறது? இதற்கும் ஆடுதான் உதவியது. 1953ல் ஜப்பானில் ஹோரியோ, கோண்டோ என்ற இருவர், சுருண்ட கம்பளி இழையின் உட்பகுதி இரண்டு வகைச் செல்களால் ஆனது, ஒரு வகை வளைவின் வெளிப்பக்கத்திலும் மற்றது உட்பக்கத்திலும் இருக்கிறது என்று காட்டினார்கள். 2018ல் நியூசிலாந்தில் மெரினோ ஆட்டு ரோமத்தை வைத்துப் பார்த்தபோது, வெளிப்பக்கச் செல்கள் உட்பக்கச் செல்களைவிட நீளமானவை என்று தெரிந்தது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. வளையாமல் என்ன செய்யும்? மனித முடியில் வேர்க்குழி வளைந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்த வளைவும் முறுக்கும் இருக்கும் இடங்களில்தான் இழுவிசை குவியும். அதனால்தான் அடர்ந்த சுருட்டை முடி, உள்ளே அதே கெரட்டினாக இருந்தும், சீக்கிரம் அறுகிறது.

நெகிழ்ச்சியைக் கூட்ட முடியுமா என்று கேட்டால், விளம்பரக்காரர்கள் சொல்வதில் முக்கால்வாசியை விட்டுவிடலாம். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. உள்ளே இருக்கும் சுருளை எந்த ஷாம்பூவும் புதிதாகக் கட்டாது. இருப்பதைக் காப்பாற்றலாம். 2003ல் மும்பையில் நடந்த ஒரு ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், தணிக்கை படிக்கும் பழக்கம் :-) ஆனால் தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சின்னது, நேர்ச் சங்கிலி, அதனால் முடிக்குள் புகுகிறது என்ற விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. குளிக்கும் முன்பு தடவ வேண்டும் என்பதும் அதில் முக்கியம். பாட்டி செய்ததும் அதுதானே.

2014 முதல் உடைந்த பாலங்களைத் திரும்ப இணைப்பதாகச் சொல்லும் பொருள்கள் வந்தன. முதலில் பெயர் வாங்கிய ஓலாப்ளெக்ஸை உருவாக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த வேதியியலாளர்கள். 2021ல் அது நாஸ்டாக் சந்தைக்கே வந்தது. விலையைப் பார்த்தால் எங்கள் விடுதியில் ஒருத்தராலும் வாங்க முடியாது. தேவை நெகிழ்ச்சி என்றால் என்ன என்று அப்போது நன்றாகப் புரியும்.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. நேரான முடிக்கு, ஈரத்தில் சீவாதே என்பார்கள். அது சரி, ஈரத்தில் முடி எளிதாக நீண்டு கொடுக்கும், இழுத்தால் எல்லை தாண்டிவிடும். அடர்ந்த சுருட்டைக்கு இந்த அறிவுரை தலைகீழ். காய்ந்திருக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன, சீப்பை இழுக்கும் விசை ரொம்ப அதிகம். நனைந்தால் சுருள் தளர்ந்து விசை குறைகிறது. அதனால் நன்றாக நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ வழவழப்புக்குப் போட்டு, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போக வேண்டும். பெரியம்மா மகளின் குழந்தைக்கும் சுருட்டைதான். போன மாதம் அவளுக்கு இதைச் சொன்னேன். "பி.காம். படிக்கிறவன் எனக்குத் தலை சீவச் சொல்லித் தர்றியா" என்று திட்டிவிட்டு, அகலப் பல் சீப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.